நேர்த்திக்கடனும் நெடுந்தூர ஓட்டமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய இந்த நேரத்தில் ஓட்டப்போட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதையையோ சிறுகதையையோ எதிர்பார்த்து வானொலிக்கு முன்னால் இருப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சொல்லைப் பற்றியும், கிடைக்காமற்போன ஒரு புகைப்படத்தைப் பற்றியும், 42 கிலோமீற்றர் 195 மீற்றர் தூரத்தைப் பற்றியும் சொல்ல எனக்குச் சில விடயங்கள் இருக்கின்றன.

திருகோணமலைக்கு வந்துபோனவர்களுக்கு எங்கள் உட்துறைமுக வீதியைத் தெரிந்திருக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த வீதியில் நின்றால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். எதிர்க்கரையில் சீனக்குடாப் பக்கம் பிறிமா மாவாலையின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஓடுகிறவர்கள் இப்போது எங்கள் ஊரிலும் பெருகிவிட்டார்கள். வேலைக்குப் போகும் இளைஞர்கள், பாடசாலைப் பிள்ளைகள், நீரிழிவுக்குப் பயந்து ஓடுகிற நடுத்தர வயதுக்காரர்கள். நானும் முழங்கால் இடங்கொடுக்கிற மட்டும் அந்த வீதியில் நடக்கிறவள்தான். ஆனால் ஓட்டத்துக்கும் எனக்கும் உறவு ஏற்பட்டது அந்த வீதியில் அல்ல. லண்டனில் இருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்.

2023ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து சில நாட்கள் சென்றிருக்கும். மகள் அழைத்தாள். "அம்மா, சித்திரையிலே லண்டன் மரதன் ஓடப்போறன். மாமாவுக்காகத்தான் ஓடுறன். அவரின்ர படம் ஒண்டு அனுப்புங்கோ, பெனியனிலே அடிக்கவேணும்" என்றாள்.

மாமா என்று அவள் சொன்னது என்னுடைய ஒரே தம்பியை. அவன் 1984ஆம் ஆண்டு, 23 வயதில் இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. முற்றத்து ஊஞ்சலில் இருத்தி ஆட்டிவிட்ட ஒருவரை மட்டும் அவளுக்கு மங்கலாக நினைவிருக்கிறது. "தேடிப் பார்த்து அனுப்புறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பழைய அல்பங்களைக் கீழே இறக்கினேன்.

இரண்டு நாட்கள் தேடினேன். அப்பாவும் அம்மாவும் நானும் ஸ்ரூடியோவில் எடுத்த படம் இருந்தது. என்னுடைய சாமத்தியச் சடங்குப் படம் இருந்தது. கலியாணப் படங்கள் ஒரு முழு அல்பம் நிறைய இருந்தன. தம்பி எதிலும் இல்லை. கடைசியாகக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போன நாளில் யாரோ எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அகப்பட்டது. அதில் அம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு சிறிய கை பிடித்திருக்கிறது. கட்டை விரல்களுள்ள, அகன்ற கை. அது அவனுடைய கைதான். அந்தக் கைக்கு உரியவன் படத்தின் விளிம்புக்கு வெளியே நிற்கிறான்.

நேயர்களே, அவனை ஏன் வெளியே நிறுத்தினோம் என்பதைச் சொல்வதற்கு முன் அவனுக்கு இடப்பட்ட சொற்களைச் சொல்ல வேண்டும்.

அவன் 1961இல் பிறந்தான். சரிந்த கண்ணும் தளர்ந்த தசையும் பார்த்துவிட்டு டொக்டர் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னார்: "மங்கோல் பிள்ளை". துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊரில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. மந்தம், புத்தி மட்டு, வளராத பிள்ளை. எங்கள் இலக்கியத்துக்கும் இந்தச் சங்கதி புதிதல்ல. புறநானூற்றின் 28ஆம் பாட்டு மனிதப் பிறவியின் குறைகளாக எட்டை வரிசைப்படுத்துகிறது. குருடு, செவிடு, ஊமை, கூன் என்று வரும் அந்த வரிசையின் கடைசிச் சொல் 'மருள்'. அறிவு மயங்கிய பிறவி என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாங்கள் இவர்களைக் கண்டிருக்கிறோம். கண்டு, குறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

வெள்ளைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் இந்தப் பிள்ளைகளின் தோற்றத்தை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தார். முகச்சாயலை வைத்து ஓர் இனத்தின் பெயரையே அவர்களுக்குச் சூட்டிவிட்டார். மங்கோலியம் என்ற சொல் அப்படிப் பிறந்தது. அவர் 1896இல் இறந்தார். 1905இல் அவருடைய மகனுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பாட்டன் விவரித்த அதே அடையாளங்களோடு அந்தப் பிள்ளை பிறந்தது. பேரனுக்கும் பாட்டனின் பெயரான ஜோன் என்பதையே வைத்தார்கள். தாம் பெயரிட்ட கூட்டத்தில் தம்முடைய பேரனும் ஒருவன் என்று அறியாமலே அந்த வைத்தியர் போய்விட்டார்.

அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று 1961இல், என் தம்பி பிறந்த அதே ஆண்டில், 19 அறிஞர்கள் 'லான்செற்' மருத்துவ இதழுக்கு எழுதினார்கள். 1965இல் மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள, அந்த நிறுவனமும் அச்சொல்லைக் கைவிட்டது. இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோம். எங்கள் வீட்டுக்கு இந்தப் புதுச் சொல் வந்துசேர்ந்தபோது தம்பி இல்லை.

சொல் மாறிவிட்டால் மனம் மாறிவிடுமா? இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1978இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் அப்போது ஆசிரியையாக வேலை ஏற்று இரண்டு வருடங்கள். தம்பிக்குப் பதினேழு வயது. அவனுக்குப் பலகாரம் என்றால் உயிர். காலையிலிருந்து அடுப்படியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர், "அம்மா, இவனைச் சின்னம்மா வீட்டிலே கொண்டுபோய் விடுங்கோ" என்றேன். சொன்னது அப்பாவோ அம்மாவோ அல்ல. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், நான்தான் சொன்னேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு தட்டில் பயற்றம் பணியாரமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அவனைக் கூட்டிச் சென்றார்.

மாலையில் பின்வாசற் படலையில் அவன் குரல் கேட்டது. "அக்கா, ஆக்கள் போட்டினமோ?"

அன்றைக்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தானாகவே பின்பக்கத்தால் இறங்கிப் போய்விடுவான். கலியாணத்தன்றும் அப்படித்தான். எனக்குக் கணவராக வந்தவர் ஒரு மாதத்தின் பின் அவனைக் கண்டபோது, "இதுக்கே ஒளிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். அவனுக்கு அறிவில்லை என்று ஊர் சொன்னது. தான் மறைக்கப்பட வேண்டியவன் என்பதை ஒரே நாளில் விளங்கிக்கொள்ளும் அறிவு அவனுக்கு இருந்தது.

அம்மாவுக்கு அவனைப் பற்றி வேறு நினைவு இருந்தது. 1973இல் அம்மா கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனார். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவைக் கடந்து, கிழக்குக் கரையோரமாகவே கதிர்காமம் போகும் பாதயாத்திரை எங்கள் ஊரைத் தொட்டுத்தான் செல்லும். கோணேசர் கோயிலுக்கு வந்து, பிறகு மூதூர்ப் பக்கம் போய், வெருகல் முருகனைக் கும்பிட்டு, வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை, பிறகு காடு. அந்த ஆண்டு வந்த கூட்டத்தோடு அம்மாவும் சேர்ந்துகொண்டார். மூதூர் லோஞ்சில் அவரை ஏற்றிவிட நானும் தம்பியும் போயிருந்தோம். ஏறக்குறைய ஒரு மாத நடை. போனபோது இருந்த அம்மா வேறு, வந்தபோது இருந்த அம்மா வேறு. கால் வெடித்து, முகம் கறுத்து, உடம்பு பாதியாகித் திரும்பி வந்தார்.

தம்பியில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கேள்வி கேட்கிற வயது. "இவ்வளவு தூரம் நடந்தீங்களே, முருகன் என்ன தந்தவர்?" என்று கேட்டேன்.

"அவனுக்குச் சுகம் வரவேணுமெண்டு நான் நேரேல்லைப் பிள்ளை" என்றார் அம்மா. "எனக்குப் பிறகும் அவனை ஆரெண்டாலும் பார்க்கவேணும் எண்டுதான் நேர்ந்தனான்."

இந்த வார்த்தைகளின் முழுக் கனமும் எனக்கு விளங்க ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. இனி ஓட்டத்துக்கு வருகிறேன்.

மகள் சொன்ன லண்டன் மரதன் 1981ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் ஆண்டில் ஓடி முடித்தவர்கள் 6,255 பேர். இன்று 50,000க்கும் மேற்பட்டோர் ஓடுகிறார்கள். தூரம் திருகோணமலைப் பட்டணத்திலிருந்து கந்தளாய்க்குப் போவதைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெற்றிக்கிண்ணத்துக்காக ஓடுகிறவர்கள் அல்லர். பலர் ஒரு தரும காரியத்தின் பெயரால் ஓடுகிறார்கள். "நான் இத்தனை மைல் ஓடுகிறேன், நீ எவ்வளவு தருவாய்?" என்று உறவினரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் கேட்டு, சேரும் பணத்தை அந்த அமைப்புக்குக் கொடுக்கிறார்கள். இப்படி 1981இலிருந்து சேர்ந்த தொகை நூறு கோடிப் பவுணைத் தாண்டிவிட்டது.

மகள் இதை விளக்கியபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். உங்களில் பலருக்கும் அது தோன்றியிருக்கும். "காசு கொடுக்கிறவை ஓடாமலே கொடுக்கலாமே? நீ ஏன் கால் நோக ஓடவேணும்?"

"அம்மம்மா ஏன் நடந்தவ? உண்டியலிலே காசு போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள் மகள். என்னிடம் பதில் இல்லை.

உடம்பை வருத்தி மற்றொருவருக்காக ஒன்றைக் கேட்பது எங்களுக்குப் பழக்கமான காரியம். நேர்த்திக்கடன் என்கிறோம். காவடியும் தீமிதிப்பும் பாதயாத்திரையும் அதுதான். பிள்ளைக்காகத் தாய் நடப்பாள், தாய்க்காக மகன் அலகு குத்துவான். காசைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். கால் வலியை மறக்க முடியாது. வலிக்கிறவரைக் காண்கிற ஊரும் யாருக்காக வலிக்கிறது என்று கேட்கும். அந்தக் கேள்விதான் பணத்தைவிடப் பெரியது.

இதை உலகத்துக்குக் காட்டியவன் கனடாவின் டெரி பொக்ஸ். 1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயினால் வலது காலை இழந்தான். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி, அத்திலாந்திக் கரையில் இருக்கும் சென் ஜோன்ஸ் நகரத்தில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினான். ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டொலர் கேட்டான், புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். செப்ரெம்பர் முதலாம் திகதி தண்டர் பே நகருக்கு அருகில் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினான். அடுத்த ஆண்டு ஜூன் 28இல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் இறந்துபோனான். அதற்கு முன்னரே கனடாவின் மக்கள்தொகைக்கு ஒரு டொலர் வீதம், 2 கோடி 40 இலட்சம் டொலர் சேர்ந்துவிட்டது. இன்று ரொறொன்ரோவில் படிக்கும் எங்கள் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் அவன் பெயரால் ஓடுகிறார்கள்.

எங்கள் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு யூலையில் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கு நிதி திரட்டிய அந்த நடையில் ஆயிரக்கணக்கான தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்துகொண்டார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2016இல் அதே வழியைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி சேர்த்தார்கள். வடக்கு நோயாளிக்காகத் தெற்கிலிருந்தும், தெற்கு நோயாளிக்காக வடக்கிலிருந்தும் நடந்த நேர்த்தி அது.

சரி, புற்றுநோய்க்கு மருந்து வேண்டும், மருத்துவமனை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் நோயல்லவே, அதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடிகள் இருக்கின்றன. இந்தத் தொகை சரியாகத் தெரியவந்ததே 1956இல்தான். இந்தப் பிள்ளைகளுக்கு 21ஆம் சோடியில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மொத்தம் 47. இந்த உண்மை 1959இல் பாரிஸில் வெளியிடப்பட்டது. ஜெரோம் லெஜூன் என்ற வைத்தியரின் பெயர் அதனால் உலகப்புகழ் பெற்றது. ஆனால் கலங்களை வளர்த்துப் பார்க்கும் வேலையை அந்த ஆய்வுகூடத்தில் தொடக்கி நடத்தியவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். அவருக்குத் தந்த கூடத்தில் போதிய உபகரணம் இல்லை. கடன் வாங்கிக் கண்ணாடிப் பாத்திரங்கள் வாங்கினார். கலங்களை வளர்க்க வேண்டிய குருதிநீருக்காகத் தம்முடைய இரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். ஆராய்ச்சிக்கு ஏன் காசு சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த அம்மையாரின் கதை ஒன்றே போதும். அவர் 2022இல்தான் காலமானார்.

உலகில் ஏறக்குறைய 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. தாயின் பாவமும் அல்ல, தகப்பனின் சாபமும் அல்ல, கிரகணத்தில் வெளியே போனதும் அல்ல. கருத்தரிக்கும் கட்டத்தில் நிறமூர்த்தங்கள் பிரியும்போது நேரும் ஒரு தவறு. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆனாலும் இளந்தாய்மாருக்கும் பிறப்பதுண்டு. எங்கள் அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருதயக் கோளாற்றோடு பிறக்கிறார்கள். தம்பியும் அவர்களில் ஒருவன். இருதயத்தில் ஓட்டை. நாலு எட்டு வேகமாக நடந்தால் உதடு நீலம் பாரிக்கும். அப்பா அவனைத் தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனார். சத்திரசிகிச்சை செய்ய வழி இருக்கிறது, ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கு அது தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அந்தக் காலத்தில் முன்னேறிய நாடுகளிலும் பல இடங்களில் இதுதான் பதில். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடங்கள்தான். இன்று அங்கே அது 60 வரை வந்திருக்கிறது. இந்த முப்பத்தைந்து வருட ஆயுளைக் கொடுத்தது மந்திரம் அல்ல. இருதய சத்திரசிகிச்சையும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், பிள்ளைகளை விடுதிகளில் தள்ளிவிடாமல் வீட்டில் வளர்த்ததும்தான். என் தம்பி 23 வயதில் போனான். அவனுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த சராசரியை அவன் ஏறக்குறைய வாழ்ந்து முடித்துவிட்டான்.

ஆயுள் கூடியதும் இன்னொரு துன்பம் வெளிப்பட்டது. அல்ஸைமர் என்னும் மறதிநோயில் மூளையில் படியும் அமிலோயிட் புரதத்தின் மூலப்பொருளை உண்டாக்கும் பரம்பரையலகு இதே 21ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது 1987இல் தெரியவந்தது. மூன்று பிரதி இருப்பதால் அந்தப் புரதமும் மிகுதி. நாற்பது வயதுக்குள்ளேயே அனேகமாக எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு காணப்படுகிறது. அறுபதை நெருங்கும்போது பெரும்பாலோரை மறதி பிடித்துக்கொள்கிறது. பெற்றோர் போய்ச் சேர்ந்த வயதில் இவர்களுக்குத் தங்களையே மறக்கும் நோய் வருகிறது. இந்த ஆராய்ச்சியால் மறதிநோயுள்ள எல்லா முதியோருக்கும் ஒருநாள் பயன் கிடைக்கக்கூடும். இன்று திரட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. "எனக்குப் பிறகும் அவனைப் பார்க்கவேணும்" என்று அம்மா நேர்ந்தார் அல்லவா? ஆய்வுகூடத்தில் நடப்பதும் அந்த நேர்த்தியின் மறுபாதிதான்.

இதில் ஒரு மறுப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி என்ற பெயரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறக்காமலே செய்யும் வழிகள்தான் விரைவாக வளர்ந்திருக்கின்றன, பிறந்தவர்கள் நன்றாக வாழும் வழிகள் மெதுவாகத்தான் வளர்கின்றன என்று பல பெற்றோர் வருந்துகிறார்கள். தம்முடைய கண்டுபிடிப்பு கருவிலேயே இவர்களைக் கண்டு விலக்கப் பயன்படுவதைப் பார்த்து லெஜூனும் கடைசிவரை நொந்துகொண்டார். ஒவ்வொரு குடும்பத்தின் முடிவையும் நான் நியாயம் விசாரிக்க வரவில்லை. ஆனால் காசு கொடுக்கிறவர்கள் அது எதற்குப் போகிறது என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். மகளும் அப்படிக் கேட்டுத்தான் தன் அமைப்பைத் தெரிந்தெடுத்தாள்.

லண்டன் ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதைவிட இங்கே ஒரு சிறப்புப் பள்ளிக்குக் கொடுக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. நியாயமானது. கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை போன்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிள்ளைகள் பாடவும் எழுதவும் கைத்தொழில் பழகவும் எவ்வளவு முடியும் என்பது தெரியும். தம்பியின் காலத்தில் எங்கள் ஊரில் அவனுக்கென்று ஒரு வாங்கும் இல்லை, ஒரு கரும்பலகையும் இல்லை. ஆசிரியையாகிய நானே அவனுக்கு ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுக்க முயன்றதில்லை. இருதயம் ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம். இரண்டுக்கும் ஓடத்தான் வேண்டும்.

இவ்வளவு நேரமும் இவர்களுக்காக ஓடுகிறவர்களைப் பற்றியே பேசினேன். இவர்களே ஓடுகிறார்கள் என்பதுதான் மகள் எனக்குச் சொன்ன செய்திகளில் பெரிய செய்தி. 2013இல் நியூயோர்க் மரதனை ஜிம்மி ஜென்சன் என்பவர் ஓடி முடித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அந்த ஓட்டத்தை முடித்தது அதுவே முதற்தடவை. 2020 நவம்பரில் கிறிஸ் நிக்கிக் என்ற 21 வயது இளைஞர் அமெரிக்காவின் புளோரிடாவில் 'அயன்மான்' என்ற போட்டியில் இறங்கினார். கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, அதற்குப் பிறகு ஒரு முழு மரதனும் ஓட வேண்டும். 17 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் 16 மணி 46 நிமிடத்தில் முடித்தார். அவரும் குழந்தையில் இருதய சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர். ஒரு நாளைக்கு ஒரு வீதம் முன்னேறினால் போதும் என்பது அவருக்குத் தந்தை சொல்லிக் கொடுத்த பாடம்.

அந்தக் காட்சியை மகள் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் தம்பியின் அதே சரிந்த கண், அதே அகன்ற கை. இருபுறமும் சனம் நின்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. ஆட்கள் வந்தால் பின்வாசலால் போன ஒருவனை நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் படம் அனுப்ப முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். பெண் பார்க்க வந்த நாளையும் சொன்னேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் சொல்லாததைத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அம்மா, பெயரையே அடிக்கிறன்" என்றாள்.

ஏப்ரல் 23ஆம் திகதி. லண்டனில் மழை. முதுகில் தமிழில் 'மாமா' என்று எழுதிய பெனியனோடு அவள் ஐந்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஓடினாள். ஓடினாள் என்பதைவிடக் கடைசிப் பத்துக் கிலோமீற்றரும் நொண்டினாள் என்பதுதான் சரி. 2,000 பவுணுக்குச் சற்று அதிகமாகச் சேர்த்திருந்தாள். வழியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு வயதானவர், "ஆற்றை மாமா பிள்ளை?" என்று கூப்பிட்டுக் கேட்டாராம். "என்ர மாமா, திருகோணமலை" என்று ஓடிக்கொண்டே சொன்னாளாம்.

அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன். அவன் யார் என்று ஒருவர் பகிரங்கமாகக் கேட்டதும், ஒருவர் வெட்கப்படாமல் பதில் சொன்னதும் எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் முறை. அதற்கு இந்த ஊரில் இருந்து அத்தனை ஆயிரம் மைல் போகவேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 21ஆம் திகதி உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21ஆம் நிறமூர்த்தம் மூன்று என்பதனால் மூன்றாம் மாதத்தின் 21ஆம் நாளைத் தெரிந்தார்கள். 2012இலிருந்து ஐக்கிய நாடுகள் சபையும் அதனை அனுசரிக்கிறது. அன்று காலை நான் உட்துறைமுக வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கிறேன். மரதன் அல்ல, எழுபது தாண்டியவளின் நடை. சென்ற ஆண்டு பக்கத்துத் தெருத் தாய் ஒருத்தி தன் பிள்ளையையும் கூட்டி வந்தாள். எட்டு வயது. வீதி முழுக்க ஓடி, வள்ளத்துக்காரரையும் நேவிக்காரரையும் நின்று விசாரித்து, எங்களை அந்தரப்படுத்திவிட்டது. தாய் அதட்டப் பார்த்தாள். "விடுங்கோ பிள்ளை, ஓடட்டும்" என்றேன்.

நேயர்களே, பணம் கேட்டு நான் இங்கு வரவில்லை. கொடுக்க விரும்புகிறவர்கள் தமக்கு நம்பிக்கையான இடத்தில் விசாரித்துக் கொடுப்பார்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு வீட்டிலிருக்கும் பழைய அல்பங்களை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்க வேண்டிய யாராவது இல்லையா என்று பாருங்கள். அவர் இன்னும் உயிரோடு இருந்தால், நாளைக்கே ஒரு படம் எடுங்கள், நடுவில் நிறுத்தி. எழுபதுகளில் கன்னியாவில் யாரேனும் எடுத்த படமொன்றில், கறுப்புச் சேலை கட்டிய தாயும் பக்கத்தில் கட்டையான ஒரு பெடியனும் தற்செயலாக விழுந்திருந்தால், இந்த வானொலி நிலையத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். என் மகள் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.